மந்திரத்தை முடக்கும் வட்டம்: விளையாடுவோருக்கு ஒரு குறிப்பு

கல்லடியில் போயா விடுமுறைகளில் கூடி ‘டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ்’ என்னும் கற்பனைப் பாத்திர விளையாட்டை ஆடுவோர், தன்னைச் சுற்றியுள்ள மந்திரங்களை முடக்கும் எட்டாம் நிலை மந்திரமான ‘ஆன்டிமேஜிக் பீல்ட்’ களத்துக்கு வந்ததும் விதிநூலைப் புரட்டத் தொடங்கிவிடுவதால் ஆட்டத்தின் வேகம் கெடுகிறது. 2014 ஆம் ஆண்டு விதிகளின்படி அதன் ஆரம் 10 அடி. ஆட்டப் பலகையில் ஓர் அங்குலக் கட்டம் 5 அடியைக் குறிக்குமாயின், பிஸ்கட் பெட்டி அட்டையில் 2 அங்குல ஆரமுள்ள வட்டமொன்றை முன்கூட்டியே வெட்டி, மந்திரம் ஏவியவரின் உருவத்தின் கீழ் வைத்து, அவர் நகரும்போது அதனையும் நகர்த்துங்கள். வட்டத்துக்குள் மந்திர வாள் வெறும் வாளாகிவிடும், வரவழைக்கப்பட்ட உயிரினம் தற்காலிகமாக மறைந்துவிடும். பலரும் மறப்பது, முடங்கியிருக்கும் நேரமும் அம்மந்திரத்தின் கால அளவிலிருந்து கழிந்துகொண்டே போகும் என்பதையே. ஏவியவரும் உள்ளிருந்து வேறு மந்திரம் ஏவ முடியாது. ஆகவே எதிர்த்தரப்பில் இருப்பவர்கள் (என் கணிப்பில் இதுவே சிறந்த வழி) சாதாரண அம்புகளால் அவரைத் தாக்கி, ஒவ்வொரு காயத்துக்கும் மனஒருமைச் சோதனையை (மந்திரத்தைத் தக்கவைக்க முடிகிறதா என்று பார்க்கும் பகடையை) எறியச் செய்யலாம். அதில் தோற்றால் வட்டம் உடனே நீங்கிவிடும்.