மெட்டு உங்களுடையது என்றால் பெயரும் உங்களுடையதாக இருக்கட்டும்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நான் மெட்டமைத்த பாட்டு, ஒரு விழா மேடையில் வேறொருவர் பெயரில் ஒலித்தது. என்னைப் 'பாடியவர்' என்று மட்டும் அறிவித்தார்கள். அன்று இரவு தூக்கமே வரவில்லை. இன்னொரு பெண்ணுக்கு அது நடக்கக் கூடாது.

மெட்டு தோன்றியதும் போனில் பதிவு செய்யுங்கள். சுருதி வைத்து, தேதியைச் சொல்லிவிட்டுப் பாடுங்கள். அந்தப் பதிவை உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். ஸ்வரம் எழுதத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். எழுதி வைத்தாலும் வைக்காவிட்டாலும் மெட்டமைத்தவரே இசையமைப்பாளர் என்று நம் பதிப்புரிமைச் சட்டமே சொல்கிறது. நான் இதை இருபது வயதில் அறிந்திருக்க வேண்டும்.

அப்புறம் ஒப்பந்தம். 'இசை' என்று உங்கள் பெயரை எங்கெங்கே போடுவார்கள்? போஸ்டரிலா, யூடியூபிலா? எழுத்தில் வாங்குங்கள். படத்துக்கு இசையமைத்தால், தியேட்டருக்கு வெளியே அது ஒலிப்பதற்கான ராயல்டிப் பங்கைத் தயாரிப்பாளர் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது. 2012 சட்டத் திருத்தம் அதைத் தடுக்கிறது. ராயல்டி வசூலிக்க, இசையமைப்பாளர்களுக்கும் பாடலாசிரியர்களுக்குமான ஐ.பி.ஆர்.எஸ். (இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி) சங்கத்தில் உறுப்பினராகுங்கள். சேர்ந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு பாட்டையும் அங்கே பதிய வேண்டும்.

வாய்ப்புக்குச் சென்னை போய்த்தான் ஆக வேண்டும் என்றில்லை. நவராத்திரி கொலுவில் சொந்த மெட்டைப் பாடுங்கள். பாடி முடித்ததும், "இந்த மெட்டு நான் போட்டது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எனக்கு அடுத்த இரண்டு வேலைகளும் காட்பாடியில் ஒரு கொலு வீட்டிலிருந்துதான் வந்தன.