கோண வழிகாட்டியைக் கொண்டு கத்தியின் கூரைப் புதுப்பித்தல்

தக்காளித் தோலில் கத்தி வழுக்கத் தொடங்கியதும் பலர் முதலில் எடுப்பது சொரசொரப்பான கல்லைத்தான். பெரும்பாலும் அது தேவைப்படுவதில்லை. சில வாரங்கள் புழங்கிய நல்ல கத்தியில் மழுங்கியிருப்பது விளிம்பின் கடைசி மெல்லிய கோடு மட்டுமே. அதற்குப் பின்னால் இருபுறமும் உள்ள சரிவுகள் அப்படியே இருக்கின்றன. ஆகவே புதுப்பிப்பது என்பது ஏற்கெனவே இருக்கும் கோணத்தைக் கண்டுபிடித்து, அதே கோணத்தில் இயன்றவரை குறைவான எஃகை எடுப்பதாகும். வெறுங்கையால் கல்லில் தீட்டும்போது கோணம் ஆடிவிடும் என்பதால், இந்த வேலைக்குக் கோண வழிகாட்டியுள்ள கருவி மிகவும் பொருத்தமானது.

இத்தகைய கருவிகள் பல உண்டு. இங்கே லான்ஸ்கி நிறுவனத்தின் வகையை எடுத்துக்கொள்கிறேன். கத்தியின் முதுகுப் பக்கத்தை ஒரு கிளாம்ப் கவ்விப் பிடிக்கிறது. அதிலுள்ள 17, 20, 25, 30 டிகிரித் துளைகளில் ஒன்றின் வழியாக, கல்லோடு இணைந்த கம்பி முன்னும் பின்னும் நகர்கிறது. சமையலறைக் கத்திக்குப் பொதுவாக 20 டிகிரி போதுமானது. ஜப்பானிய வகை மெல்லிய கத்திகளுக்கு 17 டிகிரித் துளை நெருக்கமாக வரும். ரம்பப் பல் வைத்த ரொட்டிக் கத்தியை இந்தத் தட்டைக் கற்களில் வைக்க வேண்டாம்.

துளையின் அருகே பொறித்திருக்கும் எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. கம்பி நுழையும் துளையிலிருந்து கத்தியின் விளிம்பு எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ, அதைப் பொறுத்தே உண்மையான கோணம் அமைகிறது. 10 செ.மீ. தொலைவில் 20 டிகிரி கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், துளையின் உயரம் மாறாமல் தொலைவு மட்டும் 12 செ.மீ. ஆகும்போது கோணம் ஏறத்தாழ 17 டிகிரியாகக் குறைந்துவிடும். அகலமான அலகுள்ள கத்தியில் கோணம் எழுதியிருப்பதைவிடக் குறைவாக வருவதற்கு இதுதான் காரணம். நீளமான கத்தியில் கிளாம்பிலிருந்து விலகிய இரு ஓரங்களிலும் இதே குறைபாடு தோன்றும். எனவே 20 செ.மீ. கத்தியை நடுவில் ஒருமுறை மட்டும் கவ்வி முழுவதையும் தீட்ட முயல்வதைவிட, இரண்டு இடங்களில் மாற்றிக் கவ்வி, பாதி பாதியாகச் செய்வது நல்லது. கம்பி வளைந்திருந்தாலும் கோணம் கெடும். கல்லின் முகத்துக்குக் கம்பி இணையாக இருக்கிறதா என்று ஒவ்வொரு கல்லையும் கண்ணருகே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கவ்வுவதற்கு முன் கத்தியைக் கழுவித் துடைத்துவிட்டு, கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் இருபுறமும் காகித டேப் ஒட்டினால் கீறலும் விழாது, வழுக்கலும் குறையும். பிறகு விளிம்பை விளக்கின் கீழ்ச் சாய்த்துப் பாருங்கள். கூரான விளிம்பு ஒளியைத் திருப்பி அனுப்பாது. மழுங்கிய இடங்களில் மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடோ புள்ளிகளோ மின்னும். வேலை எங்கே இருக்கிறது என்பதை அந்த மினுக்கமே காட்டிவிடும்.

அடுத்து இரு சரிவுகளிலும் கறுப்பு மார்க்கர் மையைப் பூசி, நுண்ணிய கல்லை, அதாவது லான்ஸ்கியில் 600 எண் கொண்ட நீலப் பிடிக் கல்லை, இரண்டு முறை மட்டும் மெதுவாக ஓட்டுங்கள். சரிவு முழுவதும் மை அழிந்தால் கோணம் பொருந்திவிட்டது. விளிம்பிலிருந்து விலகிய மேற்பகுதியில் மட்டும் அழிந்தால் கோணம் குறைவு. கல் விளிம்பைத் தொடவே இல்லை என்று பொருள், எனவே அடுத்த பெரிய கோணத் துளைக்கு மாற வேண்டும். விளிம்பையொட்டி மட்டும் அழிந்தால் கோணம் சற்று அதிகம். இரண்டு தவறுகளில் பின்னதையே நான் ஏற்பேன். ஓரிரண்டு டிகிரி கூடுதலாக இருந்தால் விளிம்பில் மிகச் சிறிய இரண்டாவது சரிவு உருவாகும். அது நன்றாகவே வெட்டும், வேலையும் சில ஓட்டங்களில் முடிந்துவிடும். குறைந்த கோணத்தில் எத்தனை முறை ஓட்டினாலும் கூர் வராது.

கல்லில் ஓரிரு சொட்டு தீட்டும் எண்ணெய் விட்டு, விளிம்பை எதிர்கொண்டு மெல்லிய சீவல் எடுப்பதுபோல் கல்லைத் தள்ளுங்கள். பிடிக்கு அருகிலிருந்து நுனி வரை ஒரே சீராகச் செல்ல வேண்டும். நுனியைத் தாண்டிக் கல் வெளியே சரிந்தால் நுனி உருண்டுவிடும் என்பதால், அதற்குச் சற்று முன்பே நிறுத்துங்கள். விரல்கள் கல்லின் பிடியைவிட்டுக் கீழே இறங்கக் கூடாது. இந்தக் கருவியில் ஏற்படும் காயங்கள் பெரும்பாலும் அங்கேதான். கல்லின் எடையே போதுமான அழுத்தம். அழுத்தினால் வேகம் கூடுவதுபோல் தோன்றும். ஆனால் பிசிறு, அதாவது விளிம்பில் மறுபக்கமாக மடிந்து நிற்கும் மெல்லிய எஃகு, பெரிதாகி, அதை நீக்குவதற்கே தனியாகப் பாடுபட வேண்டியிருக்கும்.

ஒரு பக்கம் ஐந்து முறை, மறுபக்கம் ஐந்து முறை ஓட்டிவிட்டு மீண்டும் விளக்கின் கீழே பாருங்கள். மினுக்கம் மறைந்திருந்தால் பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றிச் சில ஓட்டங்கள், இன்னும் மென்மையாக. பிசிறு இருக்கிறதா என்று பார்க்க, கட்டை விரலை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி, அலகைவிட்டு வெளியே செல்லும்படி தடவுங்கள். விளிம்பின் நீளவாக்கில் ஒருபோதும் தடவக் கூடாது. பக்கத்துக்கு இருபது ஓட்டங்களுக்குப் பிறகும் ஒளிக்கோடு மறையாவிட்டால், அப்போதுதான் அதைவிடச் சொரசொரப்பான 280 எண் கல்லுக்கு இறங்குவது நியாயம். விளிம்பில் கண்ணுக்குத் தெரியும் பொளிவு இருந்தால் அது புதுப்பிக்கும் வேலையே அல்ல. முழுமையாகத் தீட்டியாக வேண்டும். தெருவில் வரும் சாணைக்காரரிடம் அதைக் கொடுக்கலாம் என்றாலும், உலர்ந்த சக்கரத்தின் சூட்டில் மெல்லிய விளிம்பு பதம் இழக்கக்கூடும். விலையுயர்ந்த கத்தியை நான் கொடுக்க மாட்டேன்.

பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு தடவிய தோல் பட்டையில், முதுகு முன்செல்லும்படி பக்கத்துக்கு ஐந்தாறு முறை இழுத்தால் எஞ்சிய பிசிறும் போய்விடும். ஒவ்வொரு இழுப்பின் கடைசியிலும் கத்தியின் முதுகை உயர்த்தினால் விளிம்பு உருண்டு, பட்ட பாடு வீணாகும்.

செய்தித்தாளை ஒரு கையில் தொங்கவிட்டு வெட்டிப் பாருங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கிழிந்தால் அந்த இடத்துக்கு மட்டும் இன்னும் சில ஓட்டங்கள் தேவை. முடிந்ததும் எஃகுத் துகள் உணவில் சேராதபடி கத்தியைச் சோப்பிட்டுக் கழுவி உலர்த்துங்கள். எந்தத் துளை, முதுகில் எந்த இடத்தில் கிளாம்ப் என்பதைக் கருவிப் பெட்டியின் மூடியில் கத்திவாரியாக எழுதி ஒட்டிவிட்டால், அடுத்த முறை மார்க்கர் சோதனையை முடித்ததும் நேரே கல்லை எடுக்கலாம்.