மழைக்கும் பனிக்கும் புதுக்கரையில் பரிசலோடு தங்குவது எப்படி?

மேட்டூர் அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் பரிசலும் வலையுமாகப் பிழைக்கும் குடும்பங்கள், நீர் ஏறினால் மேலே போகின்றன, இறங்கினால் கீழே வருகின்றன, மீன் இடம் மாறினால் கரையையே மாற்றிக்கொள்கின்றன. தருமபுரி மாவட்டத்தில் நாகமரை, ஒட்டனூர் பக்கமாக ஐப்பசியிலிருந்து தை வரை தங்குவதற்குப் புதிதாகக் கொட்டகை போட வருகிறவர்கள் எதை முதலில் பார்க்க வேண்டும், எதைப் பிறகு செய்யலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது உயரம். வந்து இறங்கும் நாளில் நீர் எங்கே நிற்கிறது என்பதை வைத்து இடம் பிடிக்கக் கூடாது. நீர் எதுவரை வர முடியும் என்பதை வைத்தே பிடிக்க வேண்டும். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அதற்கு மேல் வரும் நீர் 16 கண் மதகு வழியாக உபரியாக வெளியேற்றப்படும். ஆகவே அணை நிரம்பிய ஆண்டுகளில் நீர் தொட்டு நின்ற கோடுதான் உங்களுக்கு எல்லை. காய்ந்த செத்தையும் நெகிழிக் குப்பையும் வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும் இடம், மண்ணின் நிறம் மாறும் இடம், பழைய மரங்கள் தொடங்கும் இடம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் கோடு தெரிந்துவிடும். ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிவந்து கேட்டால் இன்னும் உறுதியாகத் தெரியும். அலை ஏறுவதற்கும் இடம் விட்டு, அந்தக் கோட்டுக்கு மேலேதான் கொட்டகைக்கு முளை அடிக்க வேண்டும். ஒகேனக்கல் பக்கமாக மேலே போகப்போக இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே ஆறு வெள்ளமாக வரும்போது அணையின் மட்டத்தைவிட உயர்ந்தே ஓடும்.

இதை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், நம் பக்கம் ஒரு துளி மழை விழாமலே நீர் ஏறிவிடும் என்பதுதான். கர்நாடகத்தின் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளில் திறக்கும் நீர், எல்லையில் நீர்வரத்தை அளக்கும் இடமான பிலிகுண்டுலு வழியாக வந்து சேருகிறது. நொடிக்கு ஒரு லட்சம் கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் வந்தால் அது ஏறத்தாழ 8.6 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) ஆகும், அணையின் மொத்தக் கொள்ளளவே 93.47 டி.எம்.சி.தான். அணையிலிருந்து வெளியேற்றம் குறைவாக இருந்தால் ஒரே நாளில் மட்டம் பல அடி உயர்ந்துவிடும். இருபது அடி நடந்தால் ஓரடி ஏறுகிற சரிவில், நீர் ஐந்தடி உயர்ந்தால் கரை நூறடி உள்ளே வந்துவிடுகிறது. எனவே நாள்தோறும் காலையில் பிலிகுண்டுலு நீர்வரத்தையும் மேட்டூர் நீர்மட்டத்தையும் செய்தியில் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கூடவே, கரையோரத்தில் ஒரு குச்சியை நட்டு, அதில் கத்தியால் கோடு கீறி, மாலையில் ஒரு முறையும் விடியலில் ஒரு முறையும் பாருங்கள். செய்தி தவறினாலும் குச்சி தவறாது.

அடுத்தது காற்று. நம் மாவட்டம் தேக்கத்தின் கிழக்குக் கரையில் இருக்கிறது. ஆடிக்காற்று மேற்கிலிருந்து அலையைக் கொண்டுவந்து இந்தக் கரையில் மோதும். வடகிழக்குப் பருவத்தின் வாடைக்காற்றோ நிலத்திலிருந்து நீரை நோக்கி வீசும். அதனால் மழைக்காலத்தில் நம் கரையோரம் அமைதியாகவே இருக்கும். அந்த அமைதியை நம்பிப் பரிசலைக் கட்டாமல் விட்டால், அது கரையில் ஒதுங்காமல் நடுத்தேக்கத்துக்குப் போய்விடும். வட்டமான அடிப்பாகம் நீரைப் பிடித்து நிற்காது என்பதால் சிறு காற்றே அதைச் சுழற்றி இழுத்துக்கொள்ளும்.

இரவில் பரிசலை நீரில் விடவே வேண்டாம். இருவராகத் தூக்கிக் கரையேற்றிக் கவிழ்த்து வையுங்கள். வெறும் மண்ணில் வைத்தால் மூங்கிலைக் கறையான் பிடிக்கும். நான்கைந்து தட்டைக் கற்களின் மேல் விளிம்பு படும்படி வைத்தால் ஈரமும் காயும், அடிப்பூச்சும் தேயாது. கயிற்றை விளிம்பில் மட்டும் கட்டாமல், விளிம்பையும் குறுக்கு மூங்கில் பத்தைகளையும் சேர்த்துச் சுற்றி, எதிரெதிராக இரண்டு இடங்களில் கட்டி, மேட்டிலுள்ள மரத்தோடு பிணைக்க வேண்டும். கவிழ்த்த பரிசலின் அடியில் காற்று புகுந்தால் அது சக்கரம்போல் உருளும் என்பதால் விளிம்பின் மேல் கல் ஏற்றுவதும் அவசியம். தார் பூசும் வேலையைப் புரட்டாசி வெயிலிலேயே முடித்துவிடுவது நல்லது. ஈரத்தின் மேல் பூசிய தார் ஒட்டாமல் உரிந்து வரும். ஃபைபர் பரிசலுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பாறையில் மோதினால் அது விரிசல் விடும்.

கவிழ்த்த பரிசலுக்கு அடியில் படுத்துறங்கும் பழக்கம் நம் கரைகளில் உண்டு. மழைக்கு அது நல்ல கூரைதான். ஆனாலும் நுழைவதற்கு முன் டார்ச் அடித்து, கம்பால் தட்டிப் பார்க்காமல் உள்ளே கை வைக்காதீர்கள். விரியனுக்கும் அந்த வெதுவெதுப்பு பிடிக்கும். மார்கழியில் நீர்மேல் படியும் பனி விடியற்காலையில் எதிர்க்கரையை மறைத்துவிடும். அந்த நேரத்தில் வலை எடுக்கப் போகாமல், வெளுத்த பிறகு போங்கள். போகும்போது உயிர்காப்புக் கவசம் உடம்பில் இருக்க வேண்டும். கால்மாட்டில் கிடக்கும் கவசத்தால் பயனில்லை.

எந்த நீரையும் காய்ச்சினால் குடிக்கலாம் என்று பலரும் தவறாக நினைக்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. பல் கறைபடுவதும் எலும்பு வளைவதும் அதனால்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். ஆழ்குழாய் நீரைக் காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் அடர்த்தி கூடவே செய்யும். எனவே குடிக்கவும் சமைக்கவும் ஊர்க் குழாயில் வரும் ஒகேனக்கல் நீரைக் குடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைகள் இருக்கும் இடத்தில் இதில் சமரசமே கூடாது. தேக்க நீரை எடுக்க நேர்ந்தால் தெளியவைத்து, துணியில் வடிகட்டி, கொதிக்கவைத்த பிறகே குடிக்க வேண்டும்.

நீர் வற்றிய நிலத்தில் யாராவது ராகியோ நிலக்கடலையோ விதைத்திருப்பார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே நடைபாதை போடுங்கள். மீன்பிடி உரிமம் கையில் இருக்கட்டும். வடக்கே காப்புக்காடு தொடங்கும் இடங்களில் தங்கவே கூடாது. 2022-இல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளைச் சேர்த்துக் காவேரி தெற்கு வனவுயிரின சரணாலயம் அறிவிக்கப்பட்டது. யானை நீர் அருந்த வரும் வழியும் முதலை வெயில் காயும் மணல்திட்டும் அங்கே இருக்கின்றன. நீர்நாய் வலையைக் கிழித்தால் வலையை வேறிடத்துக்கு மாற்றுங்கள். அதைத் துரத்தவோ துன்புறுத்தவோ வேண்டாம்.

புதுக்கரையில் முதல் சில நாட்கள் பகலில் மட்டும் தொழில் செய்து அடித்தரையைப் பழகிக்கொள்ளுங்கள். இந்தத் தேக்கத்துக்கு அடியில் பழைய ஊர்கள் இருக்கின்றன. மட்டம் நன்றாக இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிவதை எல்லோரும் அறிவார்கள். வெளியே தெரியாத சுவர்களும் மரத்தூர்களும்தான் வலையைப் பிடிப்பவை, பரிசலின் அடியைக் கிழிப்பவை. வலை மாட்டிய இடத்தையெல்லாம் கரையிலுள்ள மரம், பாறை ஆகியவற்றை வைத்து அடையாளம் சொல்லிக்கொண்டு, வீட்டில் பரிசல் ஓட்டும் ஒவ்வொருவருக்கும் காட்டிவிடுங்கள்.

டெல்டா பாசனத்துக்கான நீர்த்திறப்பு வழக்கமாக ஜனவரி 28 வரை நீடிக்கும். வரத்து ஓய்ந்து நீர்மட்டம் இறங்கத் தொடங்கியதும் துறை நாளுக்கு நாள் கீழே போகும், இடையில் முழங்கால் ஆழச் சேறு விரியும். அப்போது கொட்டகையை அவசரப்பட்டுக் கீழே இறக்க வேண்டாம், பரிசலை மட்டும் இறக்கினால் போதும். சேற்றின் மேல் சோளத்தட்டையும் பலகையும் பரப்பி நடைபாதை அமைத்து, மண் இறுகிய பிறகு கொட்டகையை மாற்றுவதா, அங்கேயே கோடையைக் கழிப்பதா என்று முடிவு செய்யலாம்.