நார்ஃபோக் வொர்க்ஹவுஸ் ஆவணங்களில் ஒருவரைத் தேடுவது எப்படி?

இங்கிலாந்தின் நார்ஃபோக் கவுண்டியில் வாழ்ந்த ஓர் ஏழைப் பண்ணைக் கூலியாளைத் தேடும்போது, வொர்க்ஹவுஸ் (ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கிய இல்லம்) பதிவேட்டில் பெயர் இல்லையென்றதும் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். அது வீண் இழப்பு. அரசு உதவி பெற்ற ஏழைகளில் பெரும்பாலோர் அந்தக் கட்டடத்துக்குள் தங்கியதே இல்லை; தங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு ரொட்டியோ சில்லறைப் பணமோ வாங்கினார்கள்.

படி 1: ஊரும் காலமும்

1841 முதல் பத்தாண்டுக்கொருமுறை நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தொடங்குங்கள். சில வொர்க்ஹவுஸ்களில் தங்கியிருந்தோரின் பெயர்களின் முதலெழுத்துகளை மட்டுமே எழுதினார்கள். பெயரைப் போட்டுக் கிடைக்காவிட்டால் வயது, பிறந்த ஊர் வழியாகத் தேடுங்கள்.

படி 2: 1834க்கு முன்னா, பின்னா?

முன்பு ஏழைகளைப் பராமரிப்பது அந்தந்தப் பாரிஷின் (தேவாலய வட்டாரத்தின்) பொறுப்பு. 1834 ஏழைகள் சட்டத்துக்குப் பின் பல பாரிஷ்கள் சேர்ந்து ஒரு யூனியன் ஆயின. கிரெசன்ஹாலில் 1777இல் கட்டிய இல்லம், 1836இல் மிட்ஃபோர்டு அண்ட் லாண்டிச் யூனியனின் வொர்க்ஹவுஸ் ஆனது. யூனியன் எல்லை கவுண்டி எல்லையோடு பொருந்தாது: தெட்ஃபோர்டு யூனியனில் அண்டைக் கவுண்டியான சஃபோக்கின் பாரிஷ்களும் இருந்தன.

படி 3: யூனியன் ஏடுகள்

நாரிச்சில் உள்ள நார்ஃபோக் ஆவணக் காப்பகத்தின் பட்டியலில், ஊர்ப்பெயரை விட்டு யூனியன் பெயரால் தேடுங்கள். முதலில் சேர்க்கை–விடுவிப்பு ஏடு. அது அழிந்துபோயிருந்தால் 1869 முதல் வைக்கப்பட்ட, தங்கியிருந்தோரின் மதத்தைக் குறித்த சமயப் பதிவேடு கைகொடுக்கும். யூனியனை நிர்வகித்த கார்டியன்கள் குழுவின் கூட்டக் குறிப்புகளில் ஒப்பந்தமும் ஊழியர் நியமனமும்தான் அதிகம். ஏழைகளின் பெயர் அரிது. யூனியன் லண்டனிலிருந்த மத்திய ஏழைச் சட்ட அதிகாரிகளுக்கு எழுதிய கடிதங்கள் லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், எம்ஹெச் 12 என்ற தொடரில் உள்ளன.

படி 4: பாரிஷ் பெட்டி

1834க்கு முந்தைய தேடலில் உண்மையான புதையல், பாரிஷ் தன் ஆவணங்களை வைத்திருந்த இந்தப் பெட்டியில்தான். ஏழைகளுக்கு உதவி வழங்கிய பாரிஷ் அலுவலரான ஓவர்சீயரின் கணக்கில் யாருக்கு எத்தனை ஷில்லிங், யாருக்குக் காலணி, யாருக்குச் சவப்பெட்டி என்பது வரை இருக்கும். அதைவிடச் சிறந்தது குடியிருப்பு உரிமை விசாரணை வாக்குமூலம். எந்தப் பாரிஷ் ஒருவரைக் காக்க வேண்டும் என்று தீர்மானிக்க, பிறந்த ஊர், தொழில் பயின்ற இடம், மணமாகாதபோது முழு ஓராண்டு வேலைசெய்த பண்ணை, கொடுத்த வாடகை எல்லாவற்றையும் நீதிபதிகள் கேட்டார்கள். எழுத்தறியாத ஒருவரின் வாழ்க்கை வரலாறு இவ்வளவு விரிவாக வேறெங்கும் கிடைப்பது அரிது. வாக்குமூலம் கிடைத்தால், ஒருவரை அவருக்குரிய பாரிஷுக்கு அனுப்பிய வெளியேற்ற உத்தரவையும் இரண்டு பாரிஷ்களின் ஆவணங்களிலும் தேடுங்கள்; அனுப்பிய ஊரில் தொலைந்தது, ஏற்ற ஊரில் இருக்கலாம்.

தேதியில் கவனம்: 1752க்கு முன் ஆண்டு மார்ச் 25இல் தொடங்கியது. '1740 பிப்ரவரி' என்றால் நம் கணக்கில் 1741. 1904க்குப் பிந்தைய பிறப்புச் சான்றிதழில் வொர்க்ஹவுஸ் என்ற சொல்லை எதிர்பார்க்காதீர்கள். தெருவும் கதவிலக்கமும் மட்டுமே இருக்கும். அந்த முகவரியைப் பழைய வரைபடத்தில் சரிபாருங்கள்.