சின்னப் பிள்ளைகளுக்கு இன்டி றொக்: ரீவியிலிருந்து தொடங்கும் வழி

கிளிநொச்சியில் அக்கா வீட்டு விறாந்தையில், நான்கு வயது மருமகளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, எனக்குப் பிடித்த இசைக்குழுவொன்றின் அல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்கவைக்க ஒருமுறை முயன்றேன். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் அவள் காதுகளைப் பொத்திக்கொண்டு, “மாமா, இதிலை ஒருத்தரும் இல்லையோ?” என்று கேட்டுவிட்டுக் கோழிக்குஞ்சு பார்க்க எழுந்து போய்விட்டாள். அவளுடைய கேள்வி நியாயமானது. அந்த வயதுப் பிள்ளைக்குப் பாட்டு என்றால் பாடுகிற ஒரு முகமும் ஆடுகிற ஓர் உடம்பும் வேண்டும். ஆகவே அல்பத்தை ஒதுக்கிவிட்டுச் சிறுவர் நிகழ்ச்சிகளிலிருந்து தொடங்கினேன். அந்த வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

பெற்றோருக்கு முதலில் ஒரு சொல் விளக்கம். சுயாதீனம் என்ற பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் சுருக்கமே ‘இன்டி’. பெரிய இசைக் கம்பனிகளை நம்பியிராமல் சிறிய வெளியீட்டகங்களின் மூலமோ தாமாகவோ பாட்டுகளை வெளியிட்ட குழுக்களை அது முதலில் குறித்தது. பின்னர் கிற்றாரை முன்னிறுத்தி, குரலை அதிகம் மெருகூட்டாமல் விடுகிற ஒரு பாணிக்கும் அதுவே பெயராயிற்று. பிள்ளைக்கு இதில் எதையும் சொல்லத் தேவையில்லை.

முதற்படி, நிகழ்ச்சியைத் தெரிவது. நான் பரிந்துரைப்பது 2007 ஓகஸ்ற் 20 அன்று அமெரிக்காவில் நிக்கலோடியன் அலைவரிசையின் நிக் ஜூனியர் பகுதியில் தொடங்கிய ‘யோ கபா கபா’ என்ற நிகழ்ச்சி. அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான கிறிஸ்ரியன் ஜேக்கப்ஸ், ‘தி அக்குவாபற்ஸ்’ என்ற றொக் குழுவின் பாடகர் என்பதால், இசைக்குழுக்கள் அங்கே ஒப்புக்கு வந்துபோகும் விருந்தாளிகளாக இருப்பதில்லை. செம்மஞ்சள் உடையும் உயரத் தொப்பியும் அணிந்த டி.ஜே. லான்ஸ் றொக் பெட்டியைத் திறந்ததும் உள்ளேயிருக்கும் பொம்மைகள் உயிர்பெறுகின்றன. ஒற்றைக் கண்ணுள்ள சிவப்பு மூனோ, பச்சைநிறக் குட்டி புரோபி, மஞ்சள் ரோபோ பிளெக்ஸ் ஆகிய பெயர்களைப் பிள்ளை ஒரு கிழமைக்குள் பாடமாக்கிவிடும். மிக்கி மவுஸ் கிளப்ஹவுஸ் பார்க்கிற வீடென்றால், ஒரு பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது; அதன் ‘ஹொற் டோக்’ பாட்டைச் செய்தவர்கள் ‘தே மைற் பி ஜயன்ற்ஸ்’ என்ற நியூயோர்க் குழுவினர். தங்கள் பாட்டுகளைத் தொலைபேசிப் பதிவு இயந்திரத்தில் போட்டு, அழைக்கிறவர்களுக்கு ஒலிக்கவிட்ட குழு அது.

இரண்டாம் படியில்தான் பலர் தவறுகிறார்கள், நானும் தவறினேன். பாட்டைத் தெரியும்போது உங்கள் விருப்பத்தைப் பார்க்கக் கூடாது, பிள்ளையின் அன்றைய வழக்கைப் பார்க்க வேண்டும். பல் தீட்ட அடம்பிடிக்கிற பிள்ளைக்கு, ‘யோ கபா கபா’வில் ‘ஒவ் மொன்ரியல்’ குழுவினர் பல் தீட்டுவதைப் பற்றிப் பாடிய பாட்டு. சைக்கிளில் இருந்து விழுந்து இனி ஏறமாட்டேன் என்கிற பிள்ளைக்கு, முடியாவிட்டால் மறுபடி முயன்று பார் என்று அதே நிகழ்ச்சியில் ‘தி ஷின்ஸ்’ குழு பாடியது. தும்பி பிடித்துத் திரிகிற பிள்ளைக்குப் பூச்சிகளையே நண்பர்களாக்கி அங்கேயே ‘வீசர்’ குழு பாடியது. ஒரு கிழமைக்கு ஒரு பாட்டுப் போதும்.

அடுத்தது திரை. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, இரண்டு முதல் நான்கு வயதுவரையான பிள்ளைகளுக்கு ஒரு நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. அதற்கும் சிறிய பிள்ளைகளுக்குத் திரை வேண்டாம். பாட்டுகள் இரண்டு மூன்று நிமிடந்தான் என்பதால் இந்த எல்லைக்குள் நிற்பது கடினமன்று. போனைப் பிள்ளையின் கையில் கொடுக்காமல் ரீவியிலேயே போடுங்கள். யூரியூப் என்றால் ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிற வசதியை முன்கூட்டியே நிறுத்திவிடுங்கள். எங்கள் பக்கத்தில் சிக்னல் ஒரு பாட்டின் நடுவிலேயே நின்றுபோவதுண்டு. பிள்ளையின் பொறுமையும் அதோடு போய்விடும் என்பதால், செயலி அனுமதிக்கும் முறையில் முதல்நாள் இரவே பாட்டை இறக்கி வைப்பது உத்தமம்.

இனிப் பார்க்கும் முறை. முதல்முறை பிள்ளையுடன் சேர்ந்து பேசாமல் பாருங்கள். இரண்டாம்முறை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று விரல்விட்டு எண்ணுங்கள். பெரும்பாலான றொக் பாட்டுகள் இந்த நான்கு எண்ணிக்கைக்குள் சுழல்பவை. ஆனால் கைதட்டு விழுகிற இடம் இரண்டும் நான்கும். ட்றம்ஸில் ‘டப்’ என்று கூர்மையாகக் கேட்பது அதுதான். வற்றாப்பளைப் பொங்கலிலும் காவடி ஆட்டத்திலும் மேளம் கேட்டு வளர்ந்த பிள்ளையின் கை இயல்பாக ஒன்றிலேயே விழும். அதைப் பிழையென்று சொல்லாதீர்கள். ஒன்றுக்கும் மூன்றுக்கும் காலால் நிலத்தில் மிதிக்கவும், இரண்டுக்கும் நான்குக்கும் கையால் தட்டவும் விளையாட்டாகக் காட்டுங்கள். என் மருமகளுக்கு இது பிடிபட ஒன்பது நாள் சென்றது. அக்காவுக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஐந்தாம் படி எனக்கு மிகவும் விருப்பமானது. வெறும் பால்மாப் பேணியொன்றை எடுத்து, வாயின் கூர் விளிம்பைச் சுத்தியலால் தட்டி மடக்குங்கள். மோட்டார் சைக்கிளின் பழைய ரியூபை நீளவாக்கில் வெட்டி விரித்து, சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவைத்து, பேணியின் வாய்மேல் இருவர் இழுத்துப் பிடிக்க, கயிற்றால் மூன்று சுற்று இறுக்கிக் கட்டுங்கள். விரலால் சுண்டும்போது ‘தொம்’ என்று வந்தால் சரி. ‘சளக்’ என்று வந்தால் இழுவை போதாது, அவிழ்த்து மறுபடி கட்டவேண்டும். இன்னொரு பேணியின் திறந்த வாய்க்குக் குறுக்கே தடித்த இறப்பர் வளையம் ஒன்றையும் மெல்லியது ஒன்றையும் மாட்டினால் அதுவே கிற்றார்: மெல்லியது உயர்ந்த சுரமும் தடித்தது தாழ்ந்த சுரமும் தரும், நடுவில் விரலை அழுத்தினால் சுரம் மேலும் ஏறும். யோகட் கோப்பையில் ஒரு கைப்பிடி நெல் போட்டு வாயை ரேப்பால் நன்றாக ஒட்டிவிட்டால் தம்பி தங்கைக்கும் ஒரு வாத்தியம் ஆயிற்று.

ஆங்கிலச் சொற்கள் விளங்காதே என்று கவலைப்படுகிறவர்கள், மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு தமிழில் ஒரே ஒரு வரியைப் பிள்ளையையே கட்டவிடுங்கள். பல் தீட்டுகிற பாட்டுக்கு எங்கள் வீட்டில் கிடைத்த வரி, “மேலே தேய், கீழே தேய், கிணத்தடிக்கு ஓடு.” இலக்கணம் பார்க்க வேண்டாம்.

கடைசிப் படி, படமில்லாமல் கேட்பது. இதற்கு மிகப் பொருத்தமான பாலம் கனடியப் பாடகி ஃபைஸ்ற். தன் 2007 ஆம் ஆண்டுப் பாட்டான ‘1234’ ஐ, 2008 இல் செசமி ஸ்றீற் நிகழ்ச்சிக்காகச் சொற்களை மாற்றி, பொம்மைகள் சூழ நான்குவரை எண்ணிப் பாடினார். அதைச் சில நாள் பார்த்தபின், மூலப் பாட்டை ஒலியாக மட்டும் போடுங்கள். மெட்டும் குரலும் பழகியவை என்பதால் பிள்ளை முகத்தைத் தேடாது. அது வேறேதேனும் வேலையில் இருக்கும்போது மெல்லிய ஒலியில் போட்டுவிட்டு, பிடித்திருக்கிறதா என்று கேட்காமல் இருங்கள். போன மாதம் விறாந்தையில் கச்சான் உடைத்துக்கொண்டிருந்தபோது நான் அப்படித்தான் போட்டேன். மருமகள் கோதைச் சுளகில் போட்டுவிட்டுக் கேட்டாள்: “மாமா, இதுக்கும் இரண்டிலையோ தட்டுறது?”