வார இறுதியில் நண்பர்களோடு கிராமப்புறம் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

வெள்ளிக்கிழமை வேலை முடிந்த கையோடு காரில் ஏறி, இரவோடு இரவாகப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கிளம்புவது பெரிய தவறு. காலை ஆறு மணிக்கு எழுந்தவர் இரவு பதினொரு மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது 17 மணி நேரமாகத் தூங்காமல் இருக்கிறார். 1997-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், அவ்வளவு நேரம் விழித்திருந்தவர்களின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவர்களின் தடுமாற்றத்துக்குச் சமமாக இருந்தது. பல நாடுகளில் அந்த அளவைத் தாண்டினால் வண்டி ஓட்டவே கூடாது. அதனால் நன்றாகத் தூங்கிவிட்டு, சனிக்கிழமை விடிந்ததும் கிளம்புங்கள். அரை நாள் குறைந்தால் குறையட்டும்.

இருப்பதே இரண்டு நாள். அதற்குள் ஐந்தாறு இடங்களைப் பார்க்க நினைத்தால் பாதி நேரம் வண்டியிலேயே போய்விடும். ஒரே இடத்தில் தங்கி, நடந்து போகும் தூரத்தில் இருப்பதைப் பார்த்தாலே மனசு நிறையும்.

மேப்பைப் புறப்படுவதற்கு முன்பே போனில் இறக்கி வையுங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோளில் இருந்து வருவதால் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். மேப் படம்தான் இன்டர்நெட் இல்லாமல் வராது. சிக்னல் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும் என்பதால், தேவையில்லாத நேரத்தில் ஃப்ளைட் மோடில் போடுவது நல்லது.

அடுத்து, தண்ணீர். எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். தெளிந்த நீரில் அடி தெரிகிறதே என்று குதிக்காதீர்கள். ஒளி விலகுவதால் நான்கு மீட்டர் ஆழம் மூன்று மீட்டர் போலத்தான் தெரியும். நீச்சல் குளத்தில் பழகியவருக்கு ஆற்றின் இழுப்பும் பாசி வழுக்கும் பாறையும் புதுசு. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும், மேலே எங்கோ பெய்த மழையால் தண்ணீர் திடீரென்று ஏறலாம். நீர் கலங்கினாலோ குப்பை மிதந்து வந்தாலோ உடனே கரையேறுங்கள். குடித்துவிட்டு இறங்கவே கூடாது. ஒருவர் மூழ்கினால் பதற்றத்தில் மற்றவர்களும் பின்னாலேயே குதிப்பதால்தான் ஒரே குழுவில் பல உயிர்கள் போகின்றன. கயிறு, நீளமான கம்பு, மூடி போட்ட காலி கேன் என்று கையில் கிடைப்பதை வீசுங்கள், சத்தம் போட்டு உள்ளூர்க்காரர்களைக் கூப்பிடுங்கள்.

செலவை எப்படிப் பங்கிடுவது என்று கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். அப்புறம் பேசினால் சங்கடம்தான்.

கடைசியாக, நமக்கு அது சுற்றுலா இடம், அங்கே இருப்பவர்களுக்கு அது வீடும் வயலும். நடு இரவில் ஸ்பீக்கரை அலறவிடுவது, பயிருக்குள் இறங்கி நடப்பது, கேட்காமல் ஆட்களைப் படம் எடுப்பது எல்லாம் அவர்களை நோகடிக்கும். குப்பை அள்ள அங்கே ஆள் இருக்க மாட்டார்கள். இரண்டு பெரிய பைகளை எடுத்துப்போய், உங்கள் குப்பையை நகரத்துக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள்.