பலகையும் நூலும்: பிள்ளைகளுக்குச் சோழர் வரலாறு சொல்லிக்கொடுப்பது எப்படி?

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில் என் வீட்டு முன்கூடத்தில் மாலை வகுப்பு நடத்துகிறேன். வருபவர்கள் தோட்டத்துப் பிள்ளைகள். ராஜேந்திர சோழன் என்றதும் "கடாரம் கொண்டான்" என்று கத்துவார்கள். கடாரம் எங்கே என்றால் விழிப்பார்கள். ஆகவே முதலில் வாசலுக்கு அழைத்துப்போய் ஜெராய் மலையைக் காட்டுங்கள். நாம் நிற்கும் கெடாவே அந்தக் கடாரம் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள்.

பிறகு ஒரு பலகை, ஐந்து ஆணிகள், சிவப்பு நூல். நடு ஆணி சோழர் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரம். காவிரிப் பாசனம், ஊர்ச்சபைகள், வணிகக் குழுக்கள், நாகப்பட்டினத் துறைமுகம் ஆகியவை அந்த ஆணியின் பலம். அதிலிருந்து சோழர் பிடித்து ஆண்ட இலங்கையின் பொலன்னறுவை, கன்னட நாட்டுத் தலக்காடு, பாண்டியரின் மதுரை மூன்றுக்கும் நூலை விறைப்பாகக் கட்டச் சொல்லுங்கள்.

கடாரத்துக்கு மட்டும் தொய்வாகக் கட்டட்டும். ஏன் என்று கட்டாயம் கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும். 1025-இல் "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி" வந்த சோழர் படை, கடாரத்தரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைப் பிடித்தது, செல்வத்தை அள்ளியது, வித்தியாதரத் தோரணம் என்ற நகர வாசல் அலங்காரத்தையும் கைப்பற்றியது. ஆனால் இங்கே நிலையான ஆட்சி அமைக்கவில்லை. கொள்ளை போனது நாம் குடியிருக்கும் மண் என்பதை மறைக்காதீர்கள். என் வகுப்பில் அந்த இடத்தில் சத்தம் அடங்கிவிடும்.

இனிக் கத்தரிக்கோல். 1070-இல் சிங்கள அரசன் விசயபாகு பொலன்னறுவையை மீட்டான், வெட்டுங்கள். 1116 வாக்கில் கன்னட நாட்டுப் போசள மன்னன் விஷ்ணுவர்த்தனன் தலக்காட்டைப் பிடித்தான், வெட்டுங்கள். மதுரை நூலை வெட்டாதீர்கள், மதுரைப் பக்கமிருந்து இழுங்கள். நடு ஆணி சாயும். அடக்கிவைத்த பாண்டியரே 1216 வாக்கில் தஞ்சைக்குத் தீ வைத்தார்கள். சிற்றரசன் கோப்பெருஞ்சிங்கன் சோழ மன்னன் மூன்றாம் ராஜராஜனையே சிறைவைத்தான். மீட்டுவிட்டது போசளர் படை. சோழர் ஆட்சி முடிந்த 1279-ஐச் சொல்லி ஆணியைப் பிடுங்கிவிடுங்கள்.

கடார நூலை முன்பே தனியாக அவிழ்த்து வைத்திருங்கள். 1090-இல் கடாரத்தரசனின் தூதர்கள் நாகப்பட்டினம் பௌத்த விகாரைக்காகச் சோழ மன்னன் குலோத்துங்கனிடம் சென்றார்கள். படை திரும்பிய பிறகும் கப்பல் போக்குவரத்து ஓயவில்லை.

அடுத்த விடுமுறையில் மெர்போக் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போங்கள். அங்கே புக்கிட் பத்து பகாட் கோயிலின் கருங்கல் அடித்தளம் இருக்கிறது. அதை ராஜேந்திரன் கட்டினான் என்று சொல்லிவிடாதீர்கள், அதற்குச் சான்றில்லை. பிள்ளைகள் தூண்குழிகளை எண்ணட்டும், வரைந்து கொள்ளட்டும். பிற்பகல் மழைக்கு முன் இறங்கிவிடுங்கள்; கல் வழுக்கும்.